இசைத்தட்டின் ஒரு பக்கம்

பட்டாபிராம், 15 டிசம்பர் 2024, ஞாயிறு

நாளை மார்கழி பிறக்கிறது. சபாக்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. இங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். திரும்பும் ரயிலை நினைத்தால் பல்லவிக்கு நடுவிலேயே எழுந்துவிட வேண்டும். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆகவே இந்தப் பக்கத்தில் வாத்திய இசையை ஊன்றிக் கேட்பவர் பெரும்பாலும் பதிவில்தான் கேட்கிறார். நேரில் கேட்பதே இசை, பதிவு அதன் நிழல் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. நல்ல ஆல்பம் கச்சேரியின் நகல் அல்ல, தனக்கென்று அளவும் கட்டுக்கோப்பும் உள்ள தனி வடிவம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. பத்து உருப்படிகள், பாட்டு கிடையாது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில், பாக் தனி வயலினுக்காக எழுதிய ஒரு முன்னிசை அப்படியே ஓட, அதன் மேல் வேறு இழைகள் வந்து பின்னிக்கொள்கின்றன. வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஓரிடத்தில் கமகத்தோடு வளைகிறது, மற்றோரிடத்தில் ஐரோப்பிய வில்வீச்சில் நேராக நிற்கிறது. இது எந்தக் கச்சேரியின் நகல்? முதலில் ஸ்டூடியோவில் பிறந்த இசை இது. இதன் மூலமே பதிவுதான்.

18 டிசம்பர், புதன்

மனோதர்மத்தைத் தட்டில் அடைத்தால் அது உறைந்துவிடும், ராகத்தின் விரிவு நிமிடக் கணக்கில் வெட்டுப்படும் என்பது வலுவான ஆட்சேபம். பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். இரவெல்லாம் தோடி வாசிக்கக்கூடிய நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய நெருக்கடி! ஆனாலும் அந்தச் சில நிமிடத் தோடிதான் அவரை நேரில் பார்த்தேயிராத ஊர்களுக்கும் கொண்டு சேர்த்தது. சுற்றி வளைக்க நேரமில்லாததால் ராகத்தின் உயிர்ப்பிடிப்புகள் எடுத்த எடுப்பிலேயே வந்தாக வேண்டும். குறுக்கம் அங்கே ஒரு இலக்கணம் ஆனது. பின்னர் வந்த எல்பி தட்டு அந்த இலக்கணத்தை மாற்றியது. ஜான் மெக்லாஃப்லினும் எல். சங்கரும் ஜாகிர் உசேனும் விக்கு விநாயகராமும் சேர்ந்த ‘சக்தி’ குழுவின் முதல் தட்டு, 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 29 நிமிடம். மேடையில் நடந்ததுதான், மனோதர்மமும்தான். ஆனாலும் ஒரு பக்கத்தின் அளவே அதற்குச் சட்டமாக அமைந்துவிட்டது. உறைந்துவிட்டது என்பதில் பாதி உண்மை உண்டு, அந்த 29 நிமிடம் இனி மாறாது. மாறாததால்தான் பத்தாவது முறை கேட்கும்போது கடத்தின் ஒரு தனித்தட்டு காதில் விழுகிறது. நேர்க்கச்சேரி அந்தப் பத்தாவது முறையைத் தராது.

22 டிசம்பர், ஞாயிறு

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. நம் வாத்தியம் வாய்ப்பாட்டைத்தான் பின்பற்றுகிறது, சாகித்தியம் தெரியாமல் கேட்டால் பாதிதான் கேட்டதாகும் என்பது. கீர்த்தனைக்கு இது பொருந்தும். தனி ஆவர்த்தனத்துக்கு என்ன சாகித்தியம்? மிருதங்கமும் கடமும் ஒரு ஆவர்த்தனம், பாதி, கால் என்று மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றாகச் சேரும் ‘குறைப்பு’ வெறும் கணக்கு, ஆனால் உடம்பு சிலிர்க்கிறது. மினிமலிச இசையில் தமிழ்க் காதுக்கு இந்த வழியாகத்தான் நுழைவு என்று நினைக்கிறேன். மினிமலிச இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1960களின் நடுவில் பாரிஸில் ரவிசங்கரின் இசையை ஒரு திரைப்படத்துக்காக எழுதிக் கொடுத்தார். சிறு அலகுகளைச் சேர்த்தும் குறைத்தும் தாளத்தைக் கட்டுவதை ரவிசங்கரிடமும் அல்லா ரக்காவிடமும் அப்போதுதான் அறிந்துகொண்டார். அதே வகையைச் சேர்ந்த ஸ்டீவ் ரைக்கின் ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’ 1978இல் தட்டாக வந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வரிகள் இல்லை. மெல்ல மெல்ல மாறும் அந்த இசையைப் பாட்டுக்குக் காத்திருப்பது போலக் கேட்டால் ஒன்றும் நடக்காது. குறைப்பைக் கேட்பது போலக் கேட்க வேண்டும்.

பதிவின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. கைபேசியில் ஆல்பம் உருப்படி உருப்படியாகச் சிதறுகிறது. வரிசை போகிறது, பக்கவாத்தியக்காரர் பெயரும் போகிறது. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் முகம் தெரியும். பதிவில் அவர் இருப்பது அட்டையில் அச்சான பெயரில்தான். வாங்குகிறவர்களும் கேட்கிறவர்களும் அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்க வேண்டும், வெளியிடுகிறவர்கள் அவற்றைப் போட வேண்டும். ‘சக்தி’யின் அந்த முதல் தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாடு ராகவன்.