கடினமான ஆட்டம் நியாயமானதா?

விளையாட்டு என்றால் மனம் மகிழ வேண்டும். ஆனால் பத்து முறை தோற்ற பின்னும் பதினோராம் முறை ஆடத் தூண்டும் வீடியோ ஆட்டங்களும் உண்டு. அவை நியாயமானவையா என்று எங்கள் வகுப்பில் அடிக்கடி விவாதம் எழும். அதில் கண்ட முடிவை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

கடினம் வேறு, அநியாயம் வேறு என்பதே எங்கள் கட்சி. நம் பாட்டன்மார் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். ஒருபுறம் 3 புலிகள். மறுபுறம் 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. ஓரவஞ்சனையாகத் தோன்றினாலும், ஆடுகள் பிரியாமல் நின்றால் புலிகள் நகர வழியின்றி முடங்கும். எந்த ஆட்டைத் தனியே விட்டதால் தோற்றோம் என்பதும் கட்டத்தைப் பார்த்தாலே விளங்கும். பரமபதத்தில் பாம்பு கொத்தினால் அப்படி அறிந்துகொள்ள ஏதுமில்லை. தாயம் விழுந்த விதம் அவ்வளவே!

2013இல் வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் உருவாக்கிய 'ஃப்ளாப்பி பேர்ட்' ஆட்டமும் மிகக் கடினமானது. விரலால் தட்டித் தட்டிப் பறவையைக் குழாய்களின் இடையே பறக்கவிட வேண்டும். குழாயில் பட்டால் ஆட்டம் முடிந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று வருந்தி, 2014 பிப்ரவரியில் அவரே அதை விலக்கிக்கொண்டார்.

எங்கள் மனக்குறையும் நேரத்தைப் பற்றியதே. எங்களில் பலர் வீட்டில் கைபேசி ஒன்றுதான். ஞாயிறன்று ஆளுக்கு அரை மணி கிடைக்கும். தோற்றவரை வெகுதூரம் பின்னே தள்ளும் ஆட்டமானால், போன வழியே மறுபடி போவதில் அந்த அரை மணியும் தீர்ந்துவிடும். நாள் முழுதும் ஆடும் அண்ணனுக்கு நியாயமான ஆட்டம், அடுப்படி வேலை முடித்து வரும் அக்காளுக்கும் நியாயமாகுமா?

2018இல் வந்த 'செலஸ்ட்' இதற்கு நல்ல விடை தருகிறது. மெடலின் என்ற பெண் மலையேறும் கதை அது. விழுந்தால் நொடியில் அருகிலிருந்தே மீண்டும் ஏறலாம். முடியாதவர்கள் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. நம் தீர்த்தமலையில் ஏறும்போது மூச்சு வாங்கினால் சற்று உட்கார்ந்து ஏறுகிறோம். அதனால் மலை குட்டையாகி விடுவதில்லையே!

தோற்றதும் காசு கட்டினால் தொடரலாம் என்னும் ஆட்டங்களும் இருக்கின்றன. அங்கே கடினம் நம் திறமையை வளர்க்க வைத்ததன்று. அப்பாவின் பணப்பையைத் திறக்க வைத்தது. அதையே அநியாயம் என்கிறோம்.

அன்புப் பெற்றோரே, பிள்ளை தோற்று முகம் சுளித்தால் கைபேசியை உடனே பிடுங்காதீர்கள். "ஏன் தோற்றாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அது நல்ல ஆட்டம். தோழியரே, அரை மணி முடிந்ததும் கைபேசியைத் தங்கையிடம் கொடுப்பதும் ஆட்ட விதிகளுள் ஒன்றே!

— பதினோராம் வகுப்பு மாணவியர், அரூர்