காயில்

காஸ் தீர்ந்துபோன ஓர் இரவு, பரண்மேல் கிடந்த பழைய கரண்ட் அடுப்பை இறக்கினேன். பீங்கான் தட்டின் பள்ளத்தில் காயில் அறுந்து கிடந்தது. முனைகளை முறுக்கிவிட்டேன், சிவந்தது. நான்கு நாளில் அதே இடத்தில் அறுந்தது. கருகிய பாகத்தை நறுக்கி, மிஞ்சியதை இழுத்து மாட்டினேன். இம்முறை முன்னைவிடப் பளிச்சென்று சிவந்தது. என் கைத்திறனில் ஒரு திருப்தி ஏற்பட்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறுநாளே போயிற்று.

பெரும்பாக்கம் குடியிருப்பில், எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் கீழ், காயில் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர். பார்த்ததுமே, "வெட்டினீங்களா சார்?" என்றார். "கம்பி கொறஞ்சா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். மிச்சக் கம்பிதான் அதத் தாங்கணும்."

ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு, சலான் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபின்தான் இது விளங்கிற்று. 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் அடுப்பின் கம்பிக்குச் சுமார் 53 ஓம் தடை. பத்தில் ஒரு பங்கை வெட்டினால், எஞ்சிய ஒவ்வொரு அங்குலமும் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் சூட்டைச் சுமக்கிறது. நான் கண்ட பிரகாசம் அதுதான்.

இரண்டு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் நாற்பது வரிக் கவிதையைப் பதினொன்றாக நறுக்கிக் கொடுத்தேன். இறுக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பதினொரு வரிகளும் பளிச்சென்றுதான் இருந்தன. அதன்பின் அவர் எதுவும் அனுப்பவில்லை.

அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் ஸ்போக்ஸில் நைக்ரோம் கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்; விரல் தளர்வதே இல்லை. பிறகு பள்ளத்தை நூலால் அளந்து, சுருளை அந்த நீளத்துக்கு இரு முனைகளிலும் பிடித்து ஒரே சீராக இழுக்கிறார். ஒரு சுற்று அடுத்ததைத் தொட்டால் அங்கே கரண்ட் குறுக்கே பாய்ந்துவிடும். முனைகளை மட்டும் இரட்டையாக முறுக்குகிறார், திருகாணி அருகே சூடு குறைவதற்காக. ஈயப்பற்று உதவாது, உருகிவிடும்.

அவர் பையன் இதையே குட்டியாகச் செய்தவனாம், ஈ-சிகரெட்டுகளுக்கு. நாலு வோல்ட் பாட்டரிக்கு ஆறேழு சுற்று, ஒரு ஓம் கூட இராது, நடுவே பஞ்சு. 2019-ல் நாடு முழுவதும் தடை வந்ததும் விட்டுவிட்டான். அப்பாவுக்கும் இப்போது மிக்ஸி, ஃபேன் வேலைதான். ஆற்றங்கரையில் இருந்த டீக்கடை வாடிக்கைகள் இங்கே இல்லை.

கம்பி வாங்கி வந்து நானே சுற்றினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டி, பிறகு போட்டேன். ஒரு பக்கம் அதிகமாகச் சிவந்தது; அங்கே சுற்றுகள் நெருக்கம். ஆறவிட்டு, இழுத்துச் சமன் செய்யப் போனேன். சூடு கண்ட கம்பியை வளைக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தது, அது ஒடிந்தபின் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகவேண்டும்.