திருவிதாங்கூர் தந்த கிரீடம்

திருவனந்தபுரத்தில் யூதர் தெரு கிடையாது. ஆனால் பத்மநாபசுவாமியின் ஊரை ஆண்ட ராஜா கொடுத்த பொற்கிரீடம் ஒன்று யூதர்களிடம் உண்டு. அதன் கதையைத் தேடி ரயிலேறினால் எர்ணாகுளத்தில் இறங்கி மட்டாஞ்சேரி போக வேண்டும்.

1805இல் திருவிதாங்கூர் மகாராஜா கொச்சி யூதர்களுக்கு அதை அளித்தார். 1750 முதல் 'பத்மநாபதாசர்' பட்டம் தாங்கிய வம்சம் அது. பெருமாளின் தாசர் தந்த கிரீடத்தைச் சூடியதோ தோரா: மோசேயின் ஐந்து நூல்கள் எழுதப்பட்ட சுருள்.

1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பிற நாட்டு யூதர்களிடம் அரிதான வழக்கம். சுற்றியிருந்த கோயில்களைப் பார்த்து வந்திருக்க வேண்டும். பயணிகள் சீனத்து நீலப் பூ ஓடுகளைப் பார்த்துக் குனிகிறார்கள், சரவிளக்குகளைப் பார்த்து நிமிர்கிறார்கள். முக்கியமானது மேற்குச் சுவர். தோராச் சுருள்கள் உள்ள பேழை அங்கேதான். கேரளத்திலிருந்து ஜெருசலேம் மேற்கே. ஜெபிப்பவர் முகமும் அந்தப் பக்கம்.

காலை, பிற்பகல், மாலை என்று தினம் மூன்று வேளை ஜெபம். அதைத் தனியாகவும் சொல்லலாம். சபையில் தோராவை முறைப்படி வாசிக்கவோ, இறந்தவருக்காக 'கதீஷ்' சொல்லவோ வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதற்கு 'மின்யான்' என்று பெயர். ஒருவர் குறைந்தாலும் சுருள் பேழைக்குள்தான். கொச்சிப் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்கள் பாடி, நோட்டுகளில் எழுதி மகள்களுக்குக் கொடுத்தவர்கள். ஆனால் இந்தப் பத்தில் அவர்களுக்கு இடமில்லை. வைதிகம் எங்கும் ஒரே மாதிரிதான்.

யாரும் விரட்டவில்லை. 1948இல் இஸ்ரேல் பிறந்தது. 1950களில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் போய்விட்டார்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த பறவூரின் சினகாக் இன்று அருங்காட்சியகம். மட்டாஞ்சேரியில் எஞ்சிய பரதேசி யூதர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். இங்கே ஒருவர் இறந்தால் கதீஷுக்குப் பத்துப் பேரை வெளியூரிலிருந்துதான் திரட்ட வேண்டும். கிரீடம் தர ஒரு ராஜா போதும். சுருளைத் திறக்கப் பத்துச் சாமானியர்கள் வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை போகாதீர்கள். அன்று சபாத், வேடிக்கை பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறக்காது.