ஒரு விசில்... ரெண்டு விசில்!

டவுன் பஸ்ல கண்டக்டரைக் கவனிச்சிருப்பீங்க. ஸ்டியரிங் அவர் கையில இல்லை. பிரேக் அவர் காலடியில இல்லை. ஆனா, பஸ் நிக்கிறதும் கிளம்புறதும் அவர் சொல்றபடிதான். ஒரு விசில்னா ஸ்டாப்பிங்... ரெண்டு விசில்னா ரைட்! அவரோட மொத்த அதிகாரமும் அந்த விசில்லதான் இருக்கு.

ஜாவா படிக்கிற நண்பர்களே... ஜே.எஸ்.பி. சிலபஸ்ல 'கஸ்டம் டேக்'னு ஒரு பாடம் வரும். அந்த டேகும் ஒரு கண்டக்டர்தான். 'ஸ்கிப் பாடி, ஸ்கிப் பேஜ், இவால் பேஜ்'னு இன்டர்வியூவுக்காக மந்திரம் மாதிரி உருப்போடுறவங்களை நிறைய பார்த்துட்டேன். மந்திரம் எல்லாம் வேண்டாம் பாஸ், விசில் கணக்கு புரிஞ்சா போதும்!

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஆரம்பத்துல சர்வ்லெட் மட்டும்தான். ஒரு டேபிள் வரையணும்னாகூட எச்.டி.எம்.எல்-லை ஜாவாவுக்குள்ள வரி வரியா பிரின்ட் பண்ணணும். 1999-ல் ஜே.எஸ்.பி. 1.0 வந்தப்ப கதை தலைகீழாச்சு. இப்ப எச்.டி.எம்.எல்-லுக்கு நடுவுல ஜாவா! டிசைன் பண்றவர் ஒரு அடைப்புக்குறியை அழிச்சா போதும், பக்கம் மொத்தமும் படுத்துடும். அதே வருஷக் கடைசியில் வந்த 1.1, கஸ்டம் டேக் வசதியைக் கொடுத்தது. ஜாவாவைத் தனியா ஒரு கிளாஸ்ல எழுதி ஒளிச்சு வெச்சுட்டு, பக்கத்துல நாமளே பேர் வெச்ச ஒரு டேகை மட்டும் போட்டா போதும்.

சரி, அந்த டேக் எப்படி ஓடுது? இங்கதான் நம்ம டிரைவர் வர்றார். அவர் பேரு கன்டெய்னர். டாம்கேட் மாதிரி ஒரு சர்வர்னு வெச்சுக்கோங்க. பக்கத்தை ஓட்டுறது அவர்தான். டேக் வர்ற இடத்துல அவர் மூணு முறை கண்டக்டர் பக்கம் திரும்புவார்.

முதல் முறை, டேக் திறக்கிற இடத்துல. 'டூஸ்டார்ட்டேக்' மெத்தடைக் கூப்பிட்டு, "உள்ளே இருக்கிறதை ஓட்டவா, தாண்டிப் போகவா?"னு கேட்பார். 'இவால் பாடி இன்க்ளூட்'னு பதில் வந்தா ஓட்டுவார். 'ஸ்கிப் பாடி'னு வந்தா டேகுக்கு நடுவுல இருக்கிற எதையும் தொடாம தாண்டிடுவார்.

ரெண்டாவது முறை, உள்ளே இருக்கிறது ஒரு தடவை ஓடி முடிஞ்சதும். 'டூஆஃப்டர்பாடி'யைக் கூப்பிட்டு, "இன்னொரு ரவுண்டு போகலாமா?"னு கேட்பார். 'இவால் பாடி அகெய்ன்'னு சொன்னா திரும்ப ஓட்டுவார். லூப் இப்படித்தான் உருவாகுது. இந்த வசதி 2001-ல் வந்த 1.2-ல் தனி இன்டர்ஃபேஸாவே ஆயிடுச்சு. இதுல ஒண்ணைக் கவனிங்க. முதல் ரவுண்டு ஓடின பிறகுதான் இந்தக் கேள்வியே வருது! அதனால முதல் வரிசைக்கான டேட்டாவை டூஸ்டார்ட்டேக்லயே எடுத்து வெச்சிருக்கணும். லிஸ்ட் காலியா இருந்தா அங்கயே 'ஸ்கிப் பாடி' சொல்லிடணும். இல்லைன்னா ஆளே இல்லாத லிஸ்ட்டுக்கு ஒரு வெத்து வரிசை வந்து நிக்கும்.

மூணாவது முறை, டேக் மூடுற இடத்துல. 'டூஎண்ட்டேக்'கைக் கூப்பிட்டு, "மீதிப் பக்கத்தை ஓட்டவா?"னு கேட்பார். 'இவால் பேஜ்'னா ரைட்... ரைட்! 'ஸ்கிப் பேஜ்'னா அதோட ஸ்டாப்பிங்.

இந்தப் பெரிய பேரெல்லாம் உள்ளுக்குள்ள வெறும் நம்பர்தான். ஸ்கிப் பாடி 0, இவால் பாடி இன்க்ளூட் 1, இவால் பாடி அகெய்ன் 2, ஸ்கிப் பேஜ் 5, இவால் பேஜ் 6. டேக் செய்யறது ஒரு நம்பரைத் திருப்பித் தர்றது மட்டும்தான். அதைக் கேட்டு ஓட்டுறது வேற ஒருத்தர்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கறீங்களா? மேல படிங்க.

அந்த மார்க் லிஸ்ட்!

2004-ல் நான் எம்.சி.ஏ. படிச்சுட்டிருந்தேன். எங்க பேட்ச்ல ஒரு டீம், டிபார்ட்மென்ட்டுக்காக ஒரு இன்டர்னல் மார்க் சைட் பண்ணினாங்க. நல்லாவே பண்ணினாங்க. லாகின் செஞ்சிருக்காங்களானு பார்க்க ஒரு கஸ்டம் டேக். அதை ஹெடர் பக்கத்துல வெச்சு, எல்லாப் பக்கமும் மேலே அந்த ஹெடரைக் கூப்பிடுற மாதிரி ஏற்பாடு. லாகின் இல்லைன்னா, 'முதலில் லாகின் செய்யவும்'னு ஒரு வரி காட்டிட்டு, டூஎண்ட்டேக்ல 'ஸ்கிப் பேஜ்' சொல்லிடும். ஹெடரைத் தனியா ஓட்டிப் பார்த்தாங்க. பக்காவா நின்னுச்சு.

ஒரு நாள் ஹாஸ்டல் பையன் ஒருத்தன் லாகின் பண்ணாம, மார்க் பக்கத்தோட முகவரியை நேரா டைப் பண்ணினான். மேலே அழகா 'முதலில் லாகின் செய்யவும்'... அதுக்குக் கீழயே கிளாஸ் மொத்தத்தோட மார்க்கும்! எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. எங்க நண்பன் ஒருத்தனுக்கு ஒரு பேப்பர்ல இன்டர்னல் படு மோசம். அவன் அதை யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுலகூட! அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஹாஸ்டல் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் அவன் மெஸ் பக்கமே வரலை.

அந்த டீம் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "ஸ்கிப் பேஜ்தானேடா அனுப்புறோம்... பக்கம் எப்படி ஓடுது?" கேள்வி நியாயமானது. அவங்க அனுப்பின விசிலும் சரியான விசில்தான்.

பதில் டாம்கேட்டோட 'வொர்க்' ஃபோல்டர்ல இருந்துச்சு. நாம எழுதுற ஒவ்வொரு ஜே.எஸ்.பி. பக்கத்தையும் டாம்கேட் ஒரு ஜாவா ஃபைலா மாத்தி அங்கதான் வைக்கும். அதைத் திறந்து உட்கார்ந்தோம். டேக் இருக்கிற இடத்துல என்ன இருந்துச்சுங்கறீங்க? ஒரு இஃப், ஒரு டூ-வைல் லூப், கடைசியில இன்னொரு இஃப். 'ஸ்கிப் பேஜ்' வந்துச்சுன்னா... 'ரிட்டர்ன்'. அவ்வளவுதான்! இத்தனை நாள் மந்திரமா இருந்தது, முதல் செமஸ்டர்ல படிச்ச சாதாரண ரிட்டர்ன்.

இப்ப பாயின்ட்டுக்கு வாங்க. அந்த ரிட்டர்ன் எங்க இருந்து ரிட்டர்ன் ஆகுது? ஹெடர் பக்கத்தோட மெத்தட்ல இருந்து. எங்க போகுது? அதைக் கூப்பிட்ட மார்க் பக்கத்துக்கு. 'ஜே.எஸ்.பி. இன்க்ளூட்' ஆக்‌ஷன் டேகால கூப்பிட்டா, ஹெடர்ங்கறது தனி பஸ், மார்க் பக்கம்ங்கறது தனி பஸ். இந்த பஸ்ல அடிக்கிற விசில் அந்த பஸ் டிரைவருக்குக் கேட்காது! ஹெடர் நின்னுச்சு. மார்க் லிஸ்ட் ஹாயா ஓடிடுச்சு. விதிமுறையும் இதையேதான் சொல்லுது: ஒரு பக்கம் இன்னொண்ணால இன்க்ளூட் செய்யப்பட்டிருந்தா, ஸ்கிப் பேஜ் இந்தப் பக்கத்தை மட்டும்தான் நிறுத்தும்.

இதுவே இன்க்ளூட் 'டைரக்டிவ்'வா இருந்திருந்தா, ரெண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறப்பவே ஒரே ஃபைலா ஒட்டிக்கும். ஒரே பஸ், ஒரே டிரைவர். ஸ்கிப் பேஜ் சொன்னா மொத்தமும் நிக்கும். ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஓடின தூரம் ஓடினதுதான். டேகுக்கு மேல டேட்டாபேஸ்ல எதையாவது மாத்தியிருந்தா, ஸ்கிப் பேஜ் அதைத் திருப்பிக் கொண்டு வராது.

அதனால அந்த டீம் கடைசியில வேலையைப் பக்கத்துக்குள்ள வைக்கலை, வாசலுக்கே கொண்டு போனாங்க. 2001-ல் சர்வ்லெட் 2.3-ல் வந்த 'ஃபில்டர்'. லாகின் இல்லாத ஆளுக்கு, 'அடுத்தவரைக் கூப்பிடு'ங்கற அந்த ஒரு வரியை ஃபில்டர் ஓட்டாது. பக்கம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஆளை பஸ்ல ஏத்திட்டு இறக்குறதைவிட, ஏத்தாம இருக்கிறது நல்லதுதானே!

சரி, அது அந்தக் காலம்...

"இதெல்லாம் பழைய கதை"ன்னு நினைக்காதீங்க. 2003-ல் வந்த ஜே.எஸ்.பி. 2.0 'சிம்பிள் டேக்' கொடுத்துச்சு. மூணு மெத்தட் போய் 'டூடேக்'னு ஒரே மெத்தட். உள்ளே இருக்கிறதை ஓட்டணும்னா 'இன்வோக்'னு நாமளே கூப்பிடலாம். ஒரு தடவையோ, பத்து தடவையோ, கூப்பிடாமலேயோ விடலாம். கண்டக்டர் கையில பாதி ஸ்டியரிங் வந்த மாதிரி! ஆனா, பக்கத்தை நிறுத்தணும்னா 'ஸ்கிப் பேஜ் எக்ஸெப்ஷன்' எறியணும். அதுவும் இன்க்ளூட் செஞ்ச பக்கத்தோட எல்லையைத் தாண்டாது. பின்னாடி இதெல்லாம் 'ஜகார்த்தா'ங்கற பேருக்கு மாறி, 2020-ல் பேக்கேஜ் பேர்ல இருந்த 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' வந்துச்சு. விசில் கணக்கு மட்டும் மாறவே இல்லை. புது வேலையில சேர்ற உங்களை பழைய புராஜெக்ட்ல தூக்கிப் போட்டாங்கன்னா, இதே ஸ்கிப் பேஜ் உங்களுக்காக அங்க காத்துட்டிருக்கும்.

அதனால ஒரு சின்ன வேலை பண்ணுங்க. இன்னிக்கே ஒரு டேக் எழுதுங்க. மூணு மெத்தட்லயும் ஒவ்வொரு பிரின்ட் வரி போடுங்க. நம்பரை மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. 'டேக் சப்போர்ட்' கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணி, டூஸ்டார்ட்டேக்கை எழுதாம விட்டுப் பாருங்க. உள்ளே இருந்ததெல்லாம் மாயமா மறையும். ஏன்னா, அது தானா சொல்ற பதில் 'ஸ்கிப் பாடி'! அப்புறம் வொர்க் ஃபோல்டரைத் திறந்து, டாம்கேட் எழுதின ஜாவாவை ஒரு தடவை முழுசா படிங்க. அரை மணி நேரம் ஆகலாம். எந்த கைடும் சொல்லித் தராததை அது சொல்லித் தரும்.

இன்டர்வியூவுல 'ஸ்கிப் பேஜ் என்ன செய்யும்?'னு கேட்டா, 'நிறுத்தும்'னு எல்லாரும் சொல்வாங்க. நீங்க 'எதை நிறுத்தும், எதை நிறுத்தாது'னும் சேர்த்துச் சொல்லுங்க. ஏன்னா, அந்த ரெண்டாவது பாதி தெரிஞ்ச ஒருத்தர் எழுதுற சைட்லதான், யாரோ ஒருத்தன் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கிற மார்க் பத்திரமா இருக்கும்!