ஓபிக

திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் பேருந்து, ரேணிகுண்டாவைத் தாண்டி ஏர்பேட்டில் என்னை இறக்கிவிட்டபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. மலையாள சுவாமிகள் 1926இல் நிறுவிய வியாசாசிரமத்தால் பேர்பெற்ற ஊர். இப்போது ஐ.ஐ.டி.யும் வந்துவிட்டது. நான் போனது தோழியின் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டுக்கு. அவள் ஆரி வேலை செய்கிறவள். அங்கே அதை மக்கம் வேலை என்கிறார்கள். தெலுங்கில் மக்கம் என்றால் தறி. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரிந்துவிடும்.

சட்டத்தில் ஒரு கல்யாண ரவிக்கை. முதுகுப் பக்கம் மயில். வலது கையில் கொக்கி முனை கொண்ட ஊசி மேலிருந்து குத்தி இறங்குகிறது. இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நூலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. மூன்று வருடமாக நானும் ஆரி பழகுகிறேன். அந்த இடது கை எனக்கு இன்னும் வசப்படவில்லை. அவளிடம் சொன்னேன்.

“மேல இருக்கற கை வேலை செய்யுதுக்கா. கீழ இருக்கற கைதான் பாத்துக்குது.”

சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசிக் கண்ணியில் முடிச்சு விழாத வரை, நுனியைப் பிடித்து இழுத்தால் தைத்தது முழுவதும் அவிழ்ந்து வந்துவிடும். மயிலின் கழுத்து வளைவு சரியாக வரவில்லை என்று, நான் வந்ததிலிருந்து அவள் தைத்ததையெல்லாம் ஒரே இழுப்பில் உருவினாள். எனக்குத்தான் பதறியது. அவள் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி முதல் கண்ணியிலிருந்து ஆரம்பித்தாள். சற்று நேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, “ஓபிக லேதுக்கா” என்றாள். ஓபிக என்றால் பொறுமை என்பது எனக்குத் தெரியும். அவிழ்த்துத் தைத்த அலுப்பில், பொறுமை போய்விட்டது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு முன் காளஹஸ்தி போய்விட்டேன். தேவாரம் பாடிய திருக்காளத்தி இதுதான். கண்ணப்பர் வாயில் நீர் முகந்துவந்த பொன்முகலியை இங்கே சுவர்ணமுகி என்கிறார்கள். துணியில் ஓவியம் எழுதும் கலம்காரிக்காரர்கள் காலங்காலமாகத் துணி அலசிய ஆறும் அதுவே. கோயிலில் சாமிக்குப் பின்னால் தொங்கவிடும் திரைகளில் ராமாயணமும் பாரதமும் கட்டம் கட்டமாக எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு வாங்குவார் இல்லாமல் தொழில் நசிந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் இங்கே ஒரு பயிற்சி நிலையம் வந்த பிறகுதான் மறுபடி மூச்சு விட்டது. 2008இல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்டா குரப்ப செட்டி இந்த ஊர்க்காரர்.

நான் போன பட்டறை ஒரு வீட்டின் பின்கட்டு. பெரியவர் ஒருவர், நான்கு பெண்கள். இங்கே ஊசி கிடையாது, மூங்கில் குச்சிதான். அதுதான் கலம். முனையைக் கூராகச் சீவி, சற்று மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுற்று சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும்.

முதலில் காடாத் துணியை அலசி, கடுக்காய் கரைத்த எருமைப் பாலில் நனைத்துக் காயப்போடுகிறார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. கடுக்காயின் துவர்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்து, அதன்மேல் கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பை ‘கசிமி’ என்கிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர் அது. கலத்திலிருந்து இறங்கும்போது மங்கலாகத்தான் இருக்கிறது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் முதலில் படிகார நீரைத் தீட்டுகிறார்கள். பிறகு துணி முழுவதையும் மஞ்சிட்டி போட்ட கொப்பரையில் வேகவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. அலசு, வெயிலில் போடு, மறுபடி பால், பிறகு மஞ்சள், கடைசியாக நீலம். மஞ்சளின் மேல் நீலம் விழுந்த இடம் பச்சை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் துணி காய வேண்டும். பெரிய துணி என்றால் மாதக்கணக்காகும்.

“இத்தனை நாள் எப்படிப் பொறுமையாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா பொறுமையா இருக்கேன்? துணி காயலன்னா காயலதான். வேற துணியை எடுத்துக்குவோம்.”

வெளியே நின்று பார்க்கிற நாம்தான் கைவேலைக்காரர்களின் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கடுக்காயைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் இளம்பெண் ஒருத்தியின் கலத்திலிருந்து கசிமி ஒரு சொட்டு, சீதையின் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. இது ஆரி நூலல்ல, உருவி எடுக்க. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு. யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்தச் சொட்டையே பார்த்தாள். பிறகு அதிலிருந்து ஒரு காம்பை இழுத்தாள், இரண்டு இலை வைத்தாள். அசோகவனத்தில் ஒரு மொட்டு கூடிற்று.

கலம் என்றால் பேனா. கலம் தொடவே தொடாத, இயந்திரத்தில் அச்சான துணி இதே பெயரில் எல்லா ஊர்க் கடைகளிலும் தொங்குகிறது. அச்சுத் துணி விற்பதில் தவறில்லை. அதைக் கலம்காரி என்று விற்பது தவறு. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நம் கருப்பூர்க் கலம்காரிக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் சட்டம் காக்கும் பெயரைக் கடையில் நின்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

புறப்படும்போது பெரியவர் எழ முயன்று மறுபடி உட்கார்ந்தார். “ஓபிக லேதம்மா” என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே. நான் விழித்ததைப் பார்த்து, பக்கத்திலிருந்த பெண் விளக்கினாள்: ஓபிக என்றால் பொறுமையும்தான், உடம்பில் இருக்கிற தெம்பும்தான். இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல். காலையில் ஏர்பேட்டில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் மறுபடி ஏர்பேட்டில் இறங்கினேன். மயிலின் கழுத்து முடிந்திருந்தது, வளைவு சரியாக. காளஹஸ்தியில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பாலும் கடுக்காயும் அவளுக்குப் புதிதல்ல போலிருக்கிறது, தலையாட்டிக்கொண்டே தைத்தாள். துணி காய்வதற்காகக் காத்திருக்கும் நாட்களைச் சொன்னபோது மட்டும் ஊசியை நிறுத்தினாள்.

“காயற நாளுக்கும் கூலி உண்டாக்கா?”

இல்லை, முடிந்த துணிக்குத்தான் கணக்கு என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதையே சொன்னேன்.

“எனக்கும் அப்படித்தான்,” என்றாள். “அவுத்ததுக்குக் கிடையாது.” அடியில் இருந்த கையால் நூலை இழுத்துப் பிடித்து, கடைசிக் கண்ணியில் முடிச்சைப் போட்டாள்.