தலைகீழாக வைத்த கோட்டை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் கிட்டங்கிப் பாலம் கடந்து சொறிக்கல்முனைக்குப் படிப்பிக்கப் போய்வருகிற ஆசிரியர்கள். பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளுக்குச் செஸ் பழக்குகிறோம். இருப்பது இரண்டே பலகை. ஒன்றில் ஒரு குதிரை இல்லை, அந்த இடத்தில் போத்தல் மூடி நிற்கும். மேலதிக ராணி இரண்டிலும் கிடையாது. அதனால் காலாள் கடைசிக் கட்டத்துக்குப் போனால், வெட்டுப்பட்ட கோட்டை ஒன்றைத் தலைகீழாக வைத்து "இதுதான் ராணி" என்று விளையாடச் சொல்லிக்கொடுத்தோம். யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

போன முறை போட்டிக்கு, தரம் 8 படிக்கிற பிள்ளை ஒருத்தியைக் கூட்டிப்போனோம். அப்பப்பாவின் மடியிலிருந்து விளையாட்டுப் பழகினவள். எங்களையே தோற்கடிப்பாள். அங்கேதான் இரட்டை மணிக்கூட்டை முதன்முதலாகத் தொட்டாள்.

நடு ஆட்டத்தில் அவளுடைய ராஜாவுக்குச் செக் வந்தது. அவள் உடனே காஸ்லிங் செய்து மணிக்கூட்டை அமத்தினாள். அப்பப்பாவோடு விளையாடும்போது அது சரி. சர்வதேச விதியில் செக் இருக்கும்போது காஸ்லிங் இல்லை. நடுவர் நகர்வைத் திருப்பி எடுக்கச் சொல்லி, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். பிள்ளை பதறவில்லை. அதற்குப் பிறகும் நன்றாகவே விளையாடினாள். அவளுடைய காலாள் எட்டாவது வரிசைக்குப் போனது. முதல் ராணி இன்னும் பலகையில் நின்றதால், நாங்கள் பழக்கியபடி கோட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த முறை அதை மூலைவாட்டில் நகர்த்தி மணிக்கூட்டை அமத்தினாள்.

எதிரே இருந்த பிள்ளை கையை உயர்த்தியது. நடுவர் வந்து பார்த்தார். கவிழ்த்து வைத்தாலும் கோட்டை கோட்டைதான், அது மூலைவாட்டில் போகாது. இரண்டாவது பிழையான நகர்வு, ஆட்டம் தோல்வி.

வெளியே வந்து அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"சேர், நீங்கதானே இப்பிடி வைக்கச் சொன்னீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. நடுவர் செய்தது சரி. பிள்ளை செய்ததும், அவளுக்குத் தெரிந்த விதிப்படி சரி. பிழை எங்களுடையது. வீட்டு விதி ஒன்று, பாடசாலை விதி ஒன்று, போட்டி விதி ஒன்று. மூன்றையும் ஒரே பலகையில் கலந்து, எது எங்கே செல்லும் என்று சொல்லாமலே அனுப்பிவிட்டோம். மேலதிக ராணி தேவையென்றால் மணிக்கூட்டை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேட்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. அதை நாங்களே பிறகுதான் வாசித்தோம்.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 2017இல் கனடாவின் தேசியப் பட்டத்தைத் தீர்மானித்த விரைவு ஆட்டத்தில், நிக்கோலாய் நோரிட்சின் என்ற சர்வதேச மாஸ்டரும் அவசரத்தில் கோட்டையைக் கவிழ்த்துத்தான் வைத்தார். நடுவர் அதைக் கோட்டை என்றார். பட்டம் கைநழுவியது.

விதி ஊருக்கு ஊர் மாறுவதும் புதிதல்ல. பழைய அறபுச் சத்ரஞ்சில் எதிராளியின் ராஜாவைத் தவிர எல்லாக் காய்களையும் வெட்டினால் வெற்றி. ஆனால் அவர் அடுத்த நகர்விலேயே நமது கடைசிக் காயையும் வெட்டிவிட்டால்? பெரும்பாலான ஊர்களில் சமநிலை. மதீனாவில் மட்டும் முதலில் வெட்டியவருக்கே வெற்றி. அன்றைக்கு இன்றைய ராணியின் இடத்தில் நின்றது மந்திரி. அது மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் போகும். இன்றைய ராணியின் பலம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வந்தது. நாம் இப்போது 'மந்திரி' என்று சொல்வதோ வேறொரு காயை!

அப்பப்பாமாரின் விளையாட்டைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் பழைய இந்திய விதியில் பழகியவர். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலப் பாயலாம். அவர் சர்வதேச விதியைப் பிறகுதான் பழகினார். 1929இல் இங்கிலாந்து போய் அந்த வருடமே பிரித்தானிய சாம்பியன் ஆனார். 1932, 1933இலும் வென்றார். முன்னாள் உலக சாம்பியன் கப்பபிளாங்காவையும் தோற்கடித்தார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2024இல்தான் உலக செஸ் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. பழைய விதி அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது வகுப்புச் சுவரில் போட்டி விதிகளைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்த வருடத்து விதி என்பதும் மேலே இருக்கிறது. விளையாடத் தொடங்கமுன் "வீட்டு விதியா, போட்டி விதியா?" என்று கேட்பது கட்டாயம். கவிழ்த்த கோட்டைக்கு இடமில்லை.

அந்தப் பிள்ளை இரண்டு கிழமை வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய், அப்பப்பாவுக்கு முன்னால் வைத்தே "பிழை எங்கட" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அந்தப் புது விதியை எனக்கும் சொல்லித் தாங்கோ சேர்" என்றார். திங்கட்கிழமை பிள்ளை வந்தாள். சுவரில் இருந்ததை முழுவதும் வாசித்தாள். பிறகுதான் பலகையில் உட்கார்ந்தாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காய் தொலைந்து மூலையில் கிடக்கிற பழைய செஸ் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் வீசிவிடாதீர்கள். அதில் ராணி இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்போ வெள்ளையோ, எங்களுக்குத் தாருங்கள். கல்முனையிலோ சொறிக்கல்முனையிலோ எங்கே என்றாலும் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.