கண் கெடாத பெரியவர்களுக்கு

பாஸ்டனில் பதக்கம் வாங்கிய பெரியவர்களுக்கு,

கொடைரோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டவர்களும் இங்கே ரயிலை விட்டு இறங்கி, கொடைக்கானலுக்கு வண்டி பிடித்துப் போய்விடுவார்கள். ஊர்ப் பெயரில் இருக்கிற 'கொடை' அந்த மலையின் சுருக்கம்தான். கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பக்கம் விளைகிற பன்னீர் திராட்சையை நான்குவழிச் சாலையோரம் போட்டு விற்கிறேன். வயது 61. சுகர் வந்து 16 வருடம்.

என் அக்கா வீட்டுக்காரருக்கும் சுகர். அவருக்கு 30 வருடம். கல்யாண வீட்டில் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிற ஆள். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. டீயில் சீனியை நிறுத்திப் பத்து வருடமான எனக்குத்தான் கண் கெட்டது. "எல்லாம் உடம்பு வாகு மாப்ள" என்பார் மச்சான். கேட்டாலே எரிச்சலாக வரும். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் ஊரில் இதுதான் பதில்.

அந்த உடம்பு வாகுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க உங்களில் பலர் உங்கள் கண்களையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள் என்று மகள் சொன்னாள். மதுரையில் உயிர்வேதியியல் படிக்கிறாள். அன்று இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் ஸ்டேஷன் நடைமேடையில் நின்று பார்த்தால் தண்டவாளம் நெளிந்து கிடந்தது. வலது கண்ணை மூடினால் நெளிவு. இடது கண்ணை மூடினால் நேர்கோடு. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை. ஒரு கடையில் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஐந்து மாதத்தை வீணாக்கினேன். அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண் முகாமில் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு, நடுவில் வீக்கம். மதுரை அரவிந்துக்கு அனுப்பினார்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதில், 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கேட்கத்தான் பயம், போடும்போது ஒன்றுமில்லை. தண்டவாளம் முக்கால்வாசி நேராகிவிட்டது. மீதி கால்வாசி அந்த ஐந்து மாதத்தின் விலை.

இனி உங்கள் கதை. இன்சுலின் கண்டுபிடித்தது 1921இல். அதற்கடுத்த சில பத்தாண்டுகளில், பெரும்பாலும் சிறுபிள்ளையாக இருக்கும்போதே நோய் வந்தவர்கள் நீங்கள். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஊசிமுனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி கிடையாது. சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சி நிறம் பார்க்க வேண்டும். அப்படி இன்சுலினோடு 50 வருடம் வாழ்ந்து காட்டியவர்களுக்கு பாஸ்டனில் இருக்கிற ஜோஸ்லின் நீரிழிவு மையம் 1970 முதல் பதக்கம் கொடுக்கிறதாம். ஆஸ்பத்திரி பதக்கம் கொடுப்பது எங்களுக்குப் புதுசு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பில்தான்.

அங்கே டாக்டர் ஜார்ஜ் கிங் குழுவினர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஏன் கெட்டது என்று கெட்டவர்களைக் கேட்காமல், ஏன் கெடவில்லை என்று உங்களைக் கேட்டார்கள். 2011இல் வந்த ஆய்வில் 351 பதக்கக்காரர்களில் 42.6 சதவீதம் பேருக்கு முற்றிய விழித்திரை நோய், அதாவது கண்ணுக்குள் புது ரத்தக்குழாய்கள் தாறுமாறாக முளைக்கிற நிலை, வரவே இல்லை. 2019இல், காலமானவர்கள் தந்த கண்களையும், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழையும் சோதித்து ஒரு புரதத்தைப் பிடித்தார்கள். ஆர்பிபி3 என்று பெயர். ஒளியை உணரும் செல்கள் சுரப்பது. வைட்டமின் ஏ சமாச்சாரத்தைச் செல்லுக்குச் செல் சுமந்து போகிற கூலிக்காரன் என்றுதான் அதை அதுவரை அறிந்திருந்தார்கள். கெடாத கண்களில் அது கூடுதலாக இருந்தது. செல்லுக்குள் சர்க்கரை நுழையும் வாசலை அது இறுக்குகிறது. ரத்தக்குழாயைக் கசியவைக்கும் விஇஜிஎஃப் வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் தான் போய் ஒட்டிக்கொள்கிறது. எலிகளின் கண்ணில் அதைக் கூட்டியபோது ஆரம்பப் பாதிப்புகள் தடுக்கப்பட்டன.

எனக்குப் போட்ட ஊசியும் அந்த விஇஜிஎஃபை அடக்கத்தான். நான் மதுரைக்குப் போய் வாங்கி வருவதை உங்கள் கண் வீட்டிலேயே தயாரித்திருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்.

அந்தப் புரதத்தை மருந்தாக்கிக் கடைக்குக் கொண்டுவர நாளாகும். உங்களுடையது முதல் வகை, என்னுடையது இரண்டாம் வகை என்கிற வித்தியாசமும் உண்டு. அதற்குள் வேறு பக்கத்திலிருந்து ஒரு செய்தி: ரத்தக் கொழுப்புக்குத் தருகிற ஃபீனோஃபைப்ரேட் என்னும் பழைய மாத்திரை, விழித்திரைப் பாதிப்பு மோசமாவதை 27 சதவீதம் குறைத்ததாக 2024இல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாருக்கும் ஒத்துவருமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உங்களால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வந்தது. பதக்கக்காரர்களுக்குள் கண் கெட்டவருக்கும் கெடாதவருக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று மகள் வாசித்ததும், "பாத்தியா மாப்ள" என்று மச்சான் ஜிலேபி வாங்க ஆள் அனுப்பினார். மகள் விடவில்லை. "மாமா, இவங்க 50 வருஷம் தாண்டி நின்னவங்க. தாண்டாதவங்க இந்தக் கணக்குலயே இல்ல" என்றாள். 1993இல் அமெரிக்காவில் முடிந்த பெரிய ஆய்வில், கண் பாதிப்பு இன்னும் தொடங்காதவர்கள் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது அது வருவது 76 சதவீதம் குறைந்ததையும் சொன்னாள். ரத்த அழுத்தமும் அப்படித்தான். அடக்கினால் கண்ணுக்கு லாபம். ஜிலேபி வந்தது. அக்கா அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மச்சானின் கண்ணிலும் ஆர்பிபி3 நிறைய இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் வருடத்துக்கு ஒருதரம் அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்து வருகிறேன். இதைப் படிக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் அதையேதான் கேட்கிறேன்: வீடு தேடி வந்து சுகர் மாத்திரை தருகிற சுகாதாரப் பணியாளர் அக்காவிடம், கண் படம் எங்கே எடுப்பார்கள் என்று கேளுங்கள். பார்வை நன்றாகத் தெரிகிறபோதே போங்கள்.

பெரியவர்களே, உங்களில் பலர் இன்று இல்லை. இருந்தாலும் இந்தத் தமிழ் உங்களுக்குப் புரியாது. கடனை எப்படியாவது தீர்க்க வேண்டுமே என்று யோசித்தேன். சுகர் இருந்தால் கண் தானம் கூடாது என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். கூடும், விசாரித்துவிட்டேன். போன மாதம் நானும் மச்சானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாம். சொல்லி அனுப்பினால் கண் வங்கி ஆட்களே வருவார்கள். மதுரையிலிருந்து கொடைரோட்டுக்கு ஒரு மணி நேரம்தான்.

இப்படிக்கு,
திராட்சைக் கடைக்காரன்
கொடைரோடு